250க்கும் 1500க்கும் இடையில்

வேலை கேட்டுப் போனால் அனுபவம் இருக்கா என்பார்கள். அனுபவம் வேண்டுமென்றால் யாராவது முதலில் வேலை தரவேண்டும். இது எங்களுக்குப் பழகின கதைதான். ஆனால் அமெரிக்காவில் புதிதாக வணிக விமானி உரிமம் எடுத்தவர்களுக்கு இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2009 பெப்ரவரி 12 இரவு, நியூவாக்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கொல்கன் எயார் 3407 விமானம் தரையிறங்கப் போகும் நேரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி பிழையாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. துணை விமானி முதல்நாள் இரவு முழுக்கப் பயணம் செய்து, சியாட்டிலில் இருந்து நாட்டின் மறுகரைக்கு வேலைக்கு வந்தவர் என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. சிறிய விமான நிறுவனங்கள் துணை விமானிகளுக்குக் கொடுத்த சொற்பச் சம்பளமும் பேசுபொருளானது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2010இல் சட்டம் வந்தது. அதுவரை 250 மணித்தியாலம் பறந்து வணிக உரிமம் எடுத்தவர் சட்டப்படி துணை விமானியாகச் சேரலாம். 2013இலிருந்து பொதுவாக 1500 மணித்தியாலம் வேண்டும். இராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானத்துறையில் பட்டம் எடுத்தவர்களுக்கு 1000 என்று சலுகை உண்டு.

ஆனால் 3407ஐ ஓட்டிய இருவருமே 1500 மணித்தியாலத்தைத் தாண்டியவர்கள்! விமானிகளின் ஓய்வையும் பயிற்சியையும் திருத்தச் சொன்னதும் இதே சட்டம்தான். அதனால் பாதுகாப்பு கூடியதற்கு எது காரணம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, மிச்சம் 1250 மணித்தியாலத்தை எங்கே போய்ப் பறக்கிறது? பலர் தாங்கள் படித்த பள்ளியிலேயே பயிற்றுநராகச் சேருகிறார்கள். நேற்றைய மாணவர் இன்றைய வாத்தியார். இன்னும் சிலர் கடற்கரைக்கு மேலே விளம்பரப் பதாகை இழுக்கிறார்கள், பரசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுபோகிறார்கள்.

ஐரோப்பாவில் 200 மணித்தியாலம் அளவிலேயே பெரிய ஜெட்டில் துணை விமானியாக உட்காரலாம். ஆனால் அந்த ரக விமானத்துக்கான பயிற்சிச் செலவு பல இடங்களில் வேலை தேடுபவரின் தலையில்தான்.

ஒரு இடத்தில் காலம், இன்னொரு இடத்தில் காசு. கடன் வாங்கிப் படித்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் குடும்பங்கள் கேட்ட பாதுகாப்பு நியாயமானது. அதற்கான விலையை முதல் வேலை தேடுபவர் மட்டும் கட்டவேண்டுமா என்பதே எங்கள் கேள்வி.