யவனத் தேறல்

யவனத் தேறல் என்பது யவனர் எனப்பட்ட மேலைநாட்டாரால் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து சாடிகளில் அடைத்துப் பண்டைத் தமிழகத் துறைகளுக்குக் கொண்டுவரப்பட்ட திராட்சை மது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல் இதைக் குறிக்கிறது. அங்கு மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அரசன் அருந்துகிறான். கி.பி. 1ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் மதுவையும் சேர்க்கிறது. ஆனால் அளவு மிகுதியில்லை என்கிறது.

மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சான்றுகளில் முக்கியமானவை சில புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டைச் சேர்ந்தவை. அங்கு 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். இருபுறம் கைப்பிடியும் கூர் அடியும் கொண்ட ஆம்போரா எனும் சாடிகளின் ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தார். மதுச் சாடிகளுள் ஏஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் பாணியைச் சேர்ந்தவை மிகுதி. எண்ணெயும் மீன் சாறும் வந்த சாடிகளும் உண்டு. மது கசியாதிருக்க உட்புறம் பிசின் பூசுவது வழக்கம்.

கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். பண்ணை நடத்தும் குடும்பத்தலைவனுக்கென கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ எழுதிய வேளாண் நூலில் இதற்குச் செய்முறையே இருக்கிறது. கரைக்குத் தொலைவிலிருந்து கடல்நீரை முன்கூட்டியே மொண்டு தெளிய வைக்க வேண்டும். நிரப்பிய சாடிகளைப் புல் இல்லாத இடத்தில், மழைநீர் புகாதபடி மூடி, நான்காண்டுக்கு மேற்படாமல் வெயிலில் வைக்க வேண்டும். இப்படி வெயில் கண்ட உப்பு மது, நைல் ஆற்றிலும் பாலைவன ஒட்டகங்களிலும் பருவக்காற்றில் விரையும் கப்பல்களிலும் மாதக்கணக்கில் அலைந்து வந்தும் கெடாதிருந்ததில் வியப்பில்லை.

குடித்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அரிக்கமேட்டை வீலர் மேலைநாட்டார் வணிகத்தளமாகக் கருதினார். பெக்லியின் ஆய்வு, அவர்கள் வருகைக்கு முன்பே அங்கு ஊர் இருந்ததைக் காட்டியது. வந்து தங்கிய யவனரின் தேவைக்கே பெரும்பகுதி வந்திருக்கலாம் என்போரும் உளர். புறநானூற்றுச் சான்று அரண்மனையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

காஞ்சிபுரத்துக்கு இம்மது பாலாற்று வழியே வந்திருக்கக்கூடும். ஆற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சாடி ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. காஞ்சிபுரத்தில் கிடைத்த கூம்பு ஜாடிகளை யவனச் சாடியின் உள்ளூர்ப் படி எனச் சிலர் கொண்டனர். இது முடிந்த முடிபன்று. இந்தியாவில் ரோமானியச் சாடி எனப்பட்ட ஓடுகள் பல மெசொப்பொத்தேமியாவைச் சேர்ந்தவை என ராபர்ட்டா டாம்பர் பின்னர் காட்டினார்.

7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் எனும் நாடகம் காஞ்சியின் கள்ளுக்கடையையே மேடையேற்றுகிறது. அதற்குள் யவனர் வணிகம் ஓய்ந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. நகரின் மேற்கிலுள்ள சமணக் காஞ்சியான திருப்பருத்திக்குன்றத்தில், மது எவ்வகையாயினும் அறத்தால் விலக்கப்பட்டதே.

ஐரோப்பியர் காலத்தில் சென்னைக்கு மதீரா மது வந்தது. வெப்பக் கடலில் நெடுந்தொலைவு சென்றால் அதன் சுவை கூடும் என்று நம்பினர். தமிழ்நாட்டின் இன்றைய திராட்சை விளைச்சலுக்குப் பெயர் பெற்றது கம்பம் பள்ளத்தாக்கு. அதன் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.