கடல் கடந்த மெட்டுகள்: பீட்டில்ஸ் முதல் சுராங்கனி வரை

1964 ஜனவரி 29ஆம் நாள், பாரிஸ் நகரிலுள்ள பாத்தே மார்க்கோனி ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் காத்திருந்தார். பாட வேண்டிய பீட்டில்ஸ் குழுவினர் வரவில்லை. விடுதிக்கே சென்று அவர்களை அழைத்து வரவேண்டியதாயிற்று. அவர்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஏற்கெனவே ஆங்கிலத்தில் வெற்றி பெற்றிருந்த தமது இரண்டு பாடல்களை ஜேர்மன் மொழியில் மீண்டும் பாடும்படி அவர்களிடம் கேட்கப்பட்டிருந்தது. ஜேர்மன் மொழியில் பாடாவிட்டால் அந்நாட்டில் இசைத்தட்டு விற்காது என்று இசைத்தட்டுக் கம்பனியின் ஜேர்மன் கிளை உறுதியாக நம்பியது. ஒரு பாடலுக்குப் பழைய பின்னணி இசையே பயன்பட்டது. மற்றதற்கு இசையையும் புதிதாகப் பதிந்தார்கள்.

பத்தாண்டுகளின் பின் சுவீடனின் அபா குழு 'வாட்டர்லூ' பாடலைச் சுவீடிஷ், ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு ஆகிய நான்கு மொழிகளில் பாடியது. 1980இல் ஸ்பானிய மொழியில் முழு இசைத்தட்டொன்றையே வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் அடிப்படை வணிகக் கணக்குத்தான். எந்த நாட்டில் விற்க வேண்டுமோ அந்த நாட்டு மொழியில் பாடு என்பதே அதன் சாரம்.

இனி நமது கரைக்கு வருவோம். ஒரே மெட்டை இரு மொழிகளில் பாடும் வழக்கம் இலங்கையிலும் இருந்தது. ஆனால் இங்கே மொழிபெயர்ப்பு தூரதேசத்துச் சந்தையை நோக்கியதல்ல. அடுத்த வீட்டை நோக்கியது.

இந்தக் கதையைத் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். 1624இல் அங்கே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1957 ஒக்டோபரில் இலங்கை அரசு பொறுப்பேற்கும் வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கே இருந்தது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றுள் ஆலயத்தின் இடிபாடும் உண்டு, ஒரு தாளமும் உண்டு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழ்ந்த பறங்கியர் தலைமுறை தலைமுறையாகப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை வீட்டில் பேசினர். ஆபிரிக்க வழிவந்த காப்பிரியரோடு சேர்ந்து காப்பிரிஞ்ஞா ஆட்டத்தைப் பேணினர். 'நடனமாடு' எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே பைலா. இதைச் சிங்கள மேடைகளில் நிலைநிறுத்தியவர் வோலி பஸ்தியான் என்ற பறங்கிய இனத்துப் பொலிஸ் உத்தியோகத்தர்.

பைலாவின் தாளம் ஆறு எட்டு எனப்படும் துள்ளல் தாளம். நமது இசை மரபில் இதற்கு நெருங்கிய உறவு திஸ்ர நடை. கும்மிப் பாட்டுகளில் பழகிய தமிழ்க் காதுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்து சிங்களத்தில் வேரூன்றிய மெட்டில் தமிழ்ச் சொற்கள் இலகுவாக அமர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் திரைப்படங்களும் அதற்குத் தப்பவில்லை. தமிழ் இரசிகர்களுக்கு அது பெரும் குறையே. ஆயினும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு வாசல் திறந்தது. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடலால் வீடுதோறும் அறியப்பட்டார். திருகோணமலையிலிருந்து பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் குழு எழுந்தது. பரமேஸ் பாடிய 'உனக்குத் தெரியுமா' ஈழத்துத் தமிழ் இசைத்தட்டு வரலாற்றில் தனியிடம் பெற்றது. இலங்கை வானொலி இவர்களைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கொண்டு சென்றது.

இவர்களுள் மொழி எல்லையை அதிகம் தாண்டியவர் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று அழைக்கப்பட்ட ஏ.ஈ. மனோகரன். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த 'வாடைக் காற்று' படத்தில் நடித்தவரும் அவரே. அவரது 'சுராங்கனி' பாடலில் சுராங்கனி என்ற பெண்ணுக்கு ஒருவன் மீன் கொண்டு வருகிறான். கடற்கரையில் வாழும் எவருக்கும், எம்மொழி பேசினாலும், உடனே புரிகிற விடயம் இது. சிங்களத்திலும் பாடினார், தமிழிலும் பாடினார், இந்தியாவின் பிற மொழிகளுக்கும் அந்த மெட்டுப் போயிற்று. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவனின் குரலில் அது தமிழ்த் திரைக்கும் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பீட்டில்ஸின் ஜேர்மன் பதிவில் பாடல் முற்றாக ஜேர்மன் ஆகிவிடுகிறது. தமிழ்ச் சுராங்கனியிலோ பல்லவி சிங்களமாகவே நின்றது. சரணங்கள் மட்டும் தமிழாயின. 'மாலு' என்றால் சிங்களத்தில் மீன் என்பதை அறியாமலே தமிழகத்தின் திருமண வீடுகளும் கல்லூரி விழாக்களும் அதைச் சேர்ந்து பாடின. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தாலும் 1958ஆம் ஆண்டின் வன்செயலாலும் காயப்பட்ட ஒரு சமூகத்தின் பாடகர், அதே மொழியின் பல்லவியை விருப்பத்தோடு தமிழுக்குள் வைத்துப் பாடினார். திணிக்கப்பட்டபோது மறுக்கப்பட்ட மொழி, பாட்டாக வந்தபோது வரவேற்கப்பட்டது. மொழியை மக்கள் வெறுக்கவில்லை, திணிப்பையே வெறுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) எஸ்.எம். நாயகத்தின் தயாரிப்பில் தென்னிந்தியாவில் உருவானது. சேலத்தில் பிறந்த முஸ்லிமான மொஹிதீன் பேக், சிங்களப் பௌத்தரின் உள்ளத்தில் நிலைத்த பக்திப் பாடல்களைப் பாடினார். வெசாக் காலத்தில் இன்றும் அவர் குரல் ஒலிக்கிறது.

ஆனால் பாட்டுக்கு இருந்த சுதந்திரம் மனிதருக்கு இருக்கவில்லை. 1983 ஜூலை வன்செயல் எல்லாவற்றையும் உலுக்கியது. கலைஞர்கள் இந்தியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எனச் சிதறினர். இரு மொழி இரசிகரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு அருகியது. இசைக் குழுவுக்கு வேண்டியது பாடகர் மட்டுமல்ல. ஒத்திகைக்கு ஓர் இடம், இரவில் அச்சமின்றி வீடு திரும்ப ஒரு தெரு, அடுத்த மாதமும் நிகழ்ச்சி நடக்கும் என்ற நம்பிக்கை. முப்பதாண்டுப் போரில் துறைமுக நகரம் இவை மூன்றையும் இழந்தது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

2021இல் யொஹானி பாடிய 'மெனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாடல் இணையத்தின் வழியே இந்தியா முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டே ஒரு ஹிந்திப் படத்துக்காக அவர் அதை ஹிந்தியில் பாடினார். உலகம் வியந்தது. சுராங்கனியை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. அலை ஒன்றுதான், முன்னர் வானொலியிலும் இசைத்தட்டிலும் வந்தது, இப்போது கைபேசியில் வருகிறது.

வேறுபாடு பாதுகாப்பில் இருக்கிறது. பீட்டில்ஸ் எந்த நாளில், எந்தக் கூடத்தில், எந்தப் பின்னணி இசையோடு பாடினார்கள் என்பது வரிவரியாகப் பதிவாகியுள்ளது. நமது பொப்பிசைத் தட்டுகளில் பலவும் இடம்பெயர்வில் வீடுகளோடு அழிந்தன. எஞ்சியவை புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளிலும் ஊரின் பரண்களிலும் கிடக்கின்றன.

வாசகர்களே, உங்கள் வீட்டில் அப்படியொரு தட்டு இருந்தால் தூசு தட்டி எடுங்கள். பாடகர், இசையமைப்பாளர், வாத்தியக்காரர், வெளியிட்ட ஆண்டு என அதன் நடுவட்டத்தில் அச்சாகியுள்ள எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இயன்றால் ஒலியைக் கணினியில் பதிந்து பலருக்கும் கொடுங்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே மெட்டைப் பாடிய காலமொன்று இருந்தது என்று நாளை ஒருவர் சொல்லும்போது, சான்று எங்கே என்று கேட்பவருக்குக் காட்ட அது வேண்டும்.