காப்பியும் தேயிலையும் உறவா?

நீலகிரி மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்களும் உண்டு, தேயிலைத் தோட்டங்களும் உண்டு. இரு செடிகளும் வெண்மலர் பூப்பவை. கவாத்துச் செய்யாமல் விட்டால் இரண்டும் சிறு மரமாகிவிடும். இரண்டிலும் களைப்பைப் போக்கும் காஃபின் இருக்கிறது. அப்படியானால் இவை நெருங்கிய உறவுச் செடிகளா?

முதலில் பூவைப் பாருங்கள். காப்பிப் பூவின் இதழ்கள் அடியில் குழல் போல் இணைந்திருக்கும். மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் ஐந்தே. தேயிலைப் பூவிலோ அவை எண்ணி மாளா. 1753இல் லின்னேயஸ், மகரந்தத் தாள்களைக் கணக்கிட்டுத் தாவரங்களை வகுத்தபோது இரண்டையும் வெவ்வேறு வகுப்புகளில் வைத்தார். இன்றும் அவை வெவ்வேறு குடும்பங்களே. காப்பி, நம் வீட்டு இட்லிப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

தாவரவியல் பிரித்து வைத்ததை வேதியியல் சேர்த்து வைத்தது. 1819இல் ஜெர்மானியக் கவிஞர் கதே, ரூங்கெ என்ற இளம் வேதியியலாரிடம் சில காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயும்படி தூண்டினார். ரூங்கெ அவற்றிலிருந்து காஃபினைப் பிரித்தெடுத்தார். 1827இல் ஊத்ரி என்பவர் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதற்குத் 'தேயின்' என்று பெயரிட்டார். செடிகள் வேறாதலால் பொருள்களும் வேறு என்றே அப்போது எண்ணப்பட்டது. 1838இல் முல்டர், யோப்ஸ்ட் ஆகியோரின் ஆய்வுகள் இரண்டும் ஒரே பொருள் என்று காட்டின. எட்டு கார்பன், பத்து ஹைட்ரஜன், நான்கு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்ததே அதன் மூலக்கூறு. தேயின் என்ற தனிப்பெயருக்குத் தேவையில்லாமல் போயிற்று.

பொருள் ஒன்றென்றால், அதை ஆக்கும் திறன் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தது 2014இல் வெளியான காப்பி மரபுத்தொகுதி ஆய்வு. காஃபின் உருவாகும் இறுதிப் படிகளில், நொதிகள் மூலக்கூறின் மீது மீத்தைல் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்துகின்றன. காப்பியில் இவ்வேலையைச் செய்யும் நொதிகள் ஒரு கிளையில் தோன்றியவை. தேயிலையில் உள்ளவை வேறொரு கிளையில் தோன்றியவை. அதாவது, இரு செடிகளும் ஒன்றையொன்று சாராமல் ஒரே பொருளைச் செய்யக் 'கற்றுக்கொண்டன'. இதையே குவிபரிணாமம் என்பர்.

ஒரே ஊருக்கு இருவர் வந்து சேர்ந்ததாலேயே அவர்கள் ஒரே பாதையில் வந்தனர் என்று சொல்ல முடியாதல்லவா? ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடிவிடலாகாது. வந்த வழியையும் விசாரிக்க வேண்டும். தாவரங்களுக்கு மட்டுமன்றி, அறிவியலின் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் பாடம் இது.