புல்விப் எஃபெக்ட்

மாடு ஓட்டுபவர் கையிலுள்ள நீண்ட சாட்டைதான் புல்விப். கைப்பிடியில் லேசான அசைவு. நுனியிலோ பெரும் வீச்சு. வணிகத்துக்குள் இச்சொல்லைக் கொண்டுவந்தது குழந்தைகளின் டயப்பர்.

பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தார் பாம்பர்ஸ் ஆர்டர்களை அலசினார்கள். கடை விற்பனை ஏறக்குறையச் சீராகவே இருந்தது (தள்ளுபடி பார்த்தா குழந்தைகள் நனைக்கின்றன?). விநியோகஸ்தர்களின் ஆர்டரோ தாறுமாறாக ஏறி இறங்கியது. மூலப்பொருள் ஆர்டரில் ஆட்டம் இன்னும் அதிகம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் புல்விப் எஃபெக்ட். இந்தப் போக்கை மேலாண்மைப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1961-இலேயே எழுதிவிட்டார்; பெயர் பரவியது 1997-இல் ஹாவ் லீ குழுவினரின் கட்டுரைக்குப் பிறகு.

லீ குழுவினர் சுட்டிய நான்கு காரணங்களில் ஒன்று, மார்க்கெட்டிங் துறை பெருமையோடு அறிவிக்கும் தள்ளுபடி. விலை இறங்கினால் வியாபாரி வாங்கிக் குவிப்பார்; பிறகு கொஞ்ச காலம் ஆர்டரே வராது. 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் சலுகைகளைக் குறைத்து, என்றும் ஒரே குறைந்த விலை என்ற முறைக்கு மாறியது.