நிராகரிப்பு என்று பெயர் வைத்தது சரியா?

1963 ஜூன் 11 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில், ஜேம்ஸ் ஹார்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு மனிதரின் மார்பில் இன்னொருவரின் நுரையீரலைப் பொருத்தினார். உலகில் அதுவே முதல் முறை. நோயாளி பதினெட்டு நாள் உயிரோடு இருந்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். பிணத்தைப் பரிசோதித்தபோது மாற்று நுரையீரலில் நிராகரிப்பின் தடயம் தென்படவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ நாற்பது பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. 1968இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஃபிரிட்ஸ் டெரோம் சிகிச்சை செய்த ஒரு இளைஞர் பத்து மாதம் வாழ்ந்தார். அதையே பெரிய வெற்றியாகக் கொண்டாட வேண்டியிருந்த காலம் அது. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சில நாள்களிலோ வாரங்களிலோ இறந்தார்கள். மூச்சுக்குழாயைத் தைத்த இடம் ஆறாமல் பிரிந்துவிடும், அல்லது நோய்த்தொற்று உயிரைக் கொண்டுபோகும். இத்தனை சாவுகளுக்கு நடுவிலும் மருத்துவர்கள் முதன்மையான எதிரியாகக் கண்டது நிராகரிப்பைத்தான். அதற்கு நியாயமும் இருந்தது. அந்நியர் தோலை உடல் ஏற்க மறுப்பது நோய் எதிர்ப்பாற்றலின் வேலை என்று பீட்டர் மெடவார் 1940களில் நிறுவியிருந்தார். 1960இல் நோபல் பரிசும் பெற்றார். சிறுநீரக மாற்று அந்த அறிவின் மேல்தான் எழுந்தது. ஆக, நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் தோலையும் சிறுநீரகத்தையும் பார்த்தே முடிவு செய்து வைத்திருந்தது. அந்த முன்முடிவு பல பத்தாண்டுகளுக்குச் சிந்தனையைக் குறுக்கியது என்பதே என் வாதம்.

முதலில் அந்த முன்முடிவு பெரிய பலன் தந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் எடுத்த மண்ணில் ஒரு பூஞ்சை கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் அதிலிருந்து சைக்ளோஸ்போரின் பிறந்தது. நோய் எதிர்ப்பாற்றலின் டி-அணுக்களைக் குறிவைத்து அடக்கும் மருந்து அது. 1981 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டில் புரூஸ் ரைட்ஸ் ஒரு பெண்ணுக்கு இதயத்தையும் நுரையீரலையும் ஒருசேர மாற்றினார். அந்தப் பெண் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1983 நவம்பரில் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் ஒற்றை நுரையீரலை மாற்றிய நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதிக அளவு ஸ்டீராய்டு தையல் ஆறுவதைக் கெடுக்கிறது என்று நாய்களில் கண்டறிந்த கூப்பரின் குழு, சைக்ளோஸ்போரினை நம்பி ஸ்டீராய்டைத் தள்ளிப்போட்டது. வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வை மேலிழுத்துத் தையலைச் சுற்றிக் கட்டியது. இருபது ஆண்டுத் தோல்வி அத்துடன் முடிந்தது.

ஆனால் நோயாளிகள் பிழைத்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது வியாதி கண்ணில் பட்டது. 1984இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: நீண்ட நாள் பிழைத்திருந்த பதினான்கு பேரில் ஐந்து பேருக்கு மூச்சு மெல்ல மெல்ல அடைபட்டு வந்தது. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழல்களின் உட்சுவர் முதலில் அழற்சியால் வீங்குகிறது. பிறகு அங்கே தழும்புத் திசு வளர்கிறது. கடைசியில் குழல் முழுதும் தூர்ந்துபோகிறது. வாய்க்கால் தூர்ந்தால் வயல் காய்வதுபோல், அதற்கு அப்பாலுள்ள காற்றறைகள் நன்றாக இருந்தும் பயனில்லாமல் போகின்றன. இந்தத் தழும்பு புதிதன்று. ஜெர்மானிய மருத்துவர் லாங்கே 1901லேயே இதை விவரித்து எழுதியிருந்தார், நுரையீரல் மாற்று என்பதே இல்லாத காலத்தில். இருந்தும் இதற்கு நாள்பட்ட நிராகரிப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. திசுவை வெட்டி எடுத்துப் பார்த்து இதை உறுதிசெய்வது கடினம் என்பதால், 1993இல் பன்னாட்டு மருத்துவர் குழு ஓர் எளிய அளவுகோலை வகுத்தது: ஒரு நொடியில் ஊதி வெளியேற்ற முடிகிற காற்று, நோயாளி எட்டிய உச்ச அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்து, அதற்கு வேறு காரணமும் இல்லையென்றால், அது இந்த நோய்.

இது நிராகரிப்பேதான் என்பவர்களிடம் வலுவான சான்றுகள் இருக்கின்றன. முதல் ஆண்டில் தீவிர நிராகரிப்பு அடிக்கடி வந்தவர்களுக்கே பின்னாளில் குழல்கள் அதிகம் தூர்கின்றன. கொடையாளியின் திசு அடையாளங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டானவர்களின் கதியும் அதுதான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பாற்றலின் சினம் மட்டுமே காரணமென்றால், அதை இன்னும் கடுமையாக அடக்கினால் நோய் அடங்கியிருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் என்ற அடக்கும் மருந்து வந்தது, அறுவைச் சிகிச்சை நாளிலேயே டி-அணுக்களைக் குறைக்கும் மருந்துகள் வந்தன, தீவிர நிராகரிப்பு குறைந்தது. நாள்பட்ட நோய் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஐந்து ஆண்டு கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது இன்றும் பிடிக்கிறது. சிறுநீரகம் பெற்றவர்கள் பத்தாண்டைத் தாண்டிப்போகிற காலத்தில், நுரையீரல் பெற்றவர்களில் பாதிப் பேர் ஆறேழு ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். ஒரே மருந்து, ஒரே எதிர்ப்பாற்றல். முடிவு மட்டும் ஏன் இத்தனை வேறுபடுகிறது?

விடையை நுரையீரல் இருக்கும் இடத்தில் தேட வேண்டும். சிறுநீரகம் உடலுக்குள் மூடி வைத்த உறுப்பு. நுரையீரலோ வாசல் திறந்த வீடு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவில் காற்று அதற்குள் போய்வருகிறது. மாற்றி வைத்த நுரையீரலுக்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிடுவதால் தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் எழுவதில்லை. மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் தரும் நுண்தமனிகளைப் பெரும்பாலும் இணைப்பதுமில்லை. இந்த நிலையில் சளிக்காய்ச்சல் வைரஸ், சூடோமோனாஸ் பாக்டீரியா, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, தூக்கத்தில் மேலேறி மூச்சுக்குழலுக்குள் கசியும் இரைப்பை அமிலம் என ஒவ்வொன்றும் அழற்சியைக் கிளறுகின்றன. வட கரோலினாவின் டியூக் மருத்துவமனைக் குழு, அமிலம் மேலேறாதபடி இரைப்பையின் வாயை அறுவையால் இறுக்கியபோது பல நோயாளிகளின் மூச்சளவு மேம்பட்டதாக 2003இல் எழுதியது. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2011இல், பெருஞ்சாலைக்கு அருகே குடியிருந்த நோயாளிகளுக்கு இந்த நோயும் மரணமும் அதிகம் என்று காட்டினார்கள். வாகனப் புகைக்கு அந்த நுரையீரல் யாருடையது என்பது தெரியாது.

இதைவிட எனக்கு அழுத்தமாகப் படுவது, மாற்று உறுப்பே இல்லாதவர்களிடம் காணப்பட்ட அதே தழும்பு. 2000ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்தின் ஒரு பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேர் மூச்சுத் திணறலோடு கண்டறியப்பட்டார்கள். வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டில் ஆவி அவர்கள் குழல்களைத் தூர்த்திருந்தது. ஈரான்-ஈராக் போரில் கடுகு வாயுவைச் சுவாசித்த ஈரானியர்களிடமும் பல ஆண்டுகளுக்குப் பின் அதையே கண்டார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கும் வருகிறதே, அது எதிர்ப்பாற்றலின் வேலைதானே என்று கேட்கலாம். ஆம், அங்கே எதிர்ப்பாற்றல்தான். ஆனால் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளியின் நுரையீரல் அவருடையதேதான். அப்படியானால் தூர்ந்த குழல் என்பது பல காயங்கள் போய்ச் சேரும் ஒரே முடிவு. நிராகரிப்பு அவற்றில் ஒன்று.

சிகிச்சையின் வரலாறும் இதையே சொல்கிறது. பரவலான நுண்குழல் அழற்சி என்ற நோய் ஜப்பானில் பலரைக் கொன்றுவந்தது. 1980களில் ஷோஜி குதோ குறைந்த அளவு எரித்ரோமைசினை நீண்ட காலம் கொடுத்துப் பார்த்தார். ஐந்து ஆண்டு பிழைப்போர் விகிதம் 90 சதவீதத்தை எட்டியது. மருந்து கிருமியைக் கொன்றதைவிட, அழற்சிக்காகக் குவியும் நியூட்ரோஃபில் அணுக்களைத் தணித்ததே காரணம் என்று தெரிந்தது. 2003இல் அதன் உறவுக்கார மருந்தான அசித்ரோமைசினை, நுரையீரல் மாற்றியபின் குழல் அடைப்பு வந்த ஆறு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஐவருக்கு மூச்சளவு கூடியது. எதிர்ப்பாற்றலை மேலும் நசுக்காமலே கிடைத்த பலன் அது. எதிர்ச் சான்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மஜ்ஜை மாற்றியவர்களுக்கு இதே மருந்தை முன்காப்பாகக் கொடுத்த பிரெஞ்சுச் சோதனையில் புற்றுநோய் திரும்புவது அதிகமானதால், சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். நுரையீரல் நோயாளிகளிலும் எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. 2011இல் டொராண்டோக் குழு பிரித்துக் காட்டிய இன்னொரு வகையில் குழல்களோடு நுரையீரல் முழுவதுமே சுருங்கி இறுகுகிறது. அவர்களுக்கு இந்த மருந்து ஏறக்குறைய உதவுவதே இல்லை. ஒரே பெயரின் கீழ் பல நோய்களை அடைத்து வைத்திருந்தோம் என்பதற்கு இதுவும் சாட்சி.

காயமும் நிராகரிப்பும் ஒன்றுக்கொன்று எதிரான விளக்கங்கள் என்று நான் சொல்லவில்லை. காயம்பட்ட நுரையீரலில் ஐந்தாம் வகைக் கொலாஜன் போன்ற உள்புரதங்கள் வெளியே தெரிகின்றன. எதிர்ப்பாற்றல் அவற்றைப் பார்த்துப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் புதுக் காயத்தை உண்டாக்குகிறது. இந்தச் சுழலில் மருந்தளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். கிருமி அழற்சியைக் கொண்டுவருகிறது. அழற்சி தழும்பில் முடிகிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நிராகரிப்பு என்று எழுதினால் கை அடக்கும் மருந்தைத் தேடும், அழற்சி என்று எழுதினால் கண் அமிலத்தையும் சளியையும் புகையையும் தேடும். 2019இல் பன்னாட்டு மருத்துவர் குழு வகுத்த வரையறையில் தலைப்பு மாறிவிட்டது. இப்போது அதன் பெயர் மாற்று நுரையீரலின் நாள்பட்ட செயல்குறைவு. நிராகரிப்பு என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை.

தூர்ந்த குழலை மீண்டும் திறக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் நுரையீரல் மாற்றிக்கொண்டவர் இருந்தால், சளி பிடித்தவரை முகக்கவசம் இல்லாமல் அவர் அருகில் விடாதீர்கள். குப்பையை வாசலில் கொளுத்தாதீர்கள். அவர் ஊதும் மூச்சளவுக் கருவியில் எண் இறங்கினால், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.