மன்னார் வளைகுடா முத்துச் சிப்பிகளின் அழிவு: காரணத் தேடலின் வரலாறு

கொற்கை முத்தின் சிறப்பை விளக்கும் ஆய்வுகள் பலவாகும். அம்முத்தை ஈன்ற சிப்பிகள் காலந்தோறும் திரளாக மறைந்த வரலாறோ தமிழாய்வில் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அம்மறைவுக்குக் கூறப்பட்ட காரணங்களை இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது.

சிப்பிகள் வாழும் கடலடித் திட்டு 'பார்' எனப்படும். பார்கள் எல்லா ஆண்டும் பயன் தந்தனவல்ல. 1768க்குப் பின், டச்சுக்காரர் ஆட்சி முடிவுற்ற 1796 வரை, இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பே நிகழவில்லை.

தூத்துக்குடிக் கரையில், 'சூரன்' என்னும் மட்டியினம் பார்மீது படர்ந்து சிப்பிகளை மூச்சுத்திணறச் செய்வதாகக் கருதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளில் இச்சொல் தமிழ் வடிவிலேயே இடம்பெறுவது கருதத்தக்கது. 1857இல் இலங்கை அரசின் சார்பில் ஆய்வு தொடங்கிய கெலார்ட், சிப்பி தன் பற்றிழைகளை விட்டு இடம்பெயர வல்லது எனக் கண்டார். எனவே, மறைந்தவை யாவும் மடிந்தவைதாமா என்னும் ஐயம் எழ இடமாயிற்று.

இவ்வையத்திற்குத் தெளிவான விடை தந்தது 1902இல் ஹெர்ட்மன், ஹார்னெல் இருவரும் தொடங்கிய ஆய்வாகும். அவ்வாண்டு மார்ச்சில் பெரியபாரில் இளஞ்சிப்பிகள் அளவின்றிச் செறிந்திருந்தன. நவம்பரில் அவை காணப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளும் நீரோட்டமும் அவற்றை அடித்துச் சென்றன என்பது ஹெர்ட்மனின் முடிவு. பெயர்ந்து மூடும் மணல், நெருக்கம், திருக்கை முதலிய மீன்கள், ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு ஆகியவற்றையும் அவர் காரணங்களாகக் காட்டினார். இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவும் பரிந்துரைத்தார்.

காரணம் அறிந்தமையால் அழிவு நின்றுவிடவில்லை. 1906இல் இலங்கைப் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம், 1907க்குப் பின் முத்துக்குளிப்பு நடத்த இயலாமல் 1912இல் கலைக்கப்பட்டது. தூத்துக்குடியில் 1955இல் மீண்டும் தொடங்கிய தொடர் முத்துக்குளிப்பும் 1961உடன் நின்றது.

இவ்வரலாறு இலக்கிய ஆய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கையாகும். ஒரு காலப்பகுதியின் சான்றுகளில் முத்துப் பற்றிய செய்தி அருகியிருப்பின், அதனை உடனே வணிக வீழ்ச்சியாகவோ அரசின் தளர்ச்சியாகவோ கொள்ளுதல் பொருந்தாது. பார் வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளாகவும் அவை இருக்கலாம். அவ்வாறே, முத்தின் மிகுதியைப் பாடும் பாடல்களைக் கொண்டு இடையறாத விளைச்சலை நிறுவுதலும் இயலாது. கடலின் வரலாற்றையும் உடன்வைத்துப் பயிலும்போதே நெய்தல் நில வரலாறு முழுமை பெறும்.