பிறப்பால் வந்த வாத்தியமும் வகுப்பில் கற்ற வாத்தியமும்: பள்ளி பேண்டு விதிகளின் வரலாறும் கோலார் தங்கவயலும்

பள்ளி பேண்டு வகுப்பின் விதிகள் பார்வைக்கு மிகச் சிறியவை. குறித்த நேரத்திற்கு முன்னரே வருதல், பள்ளி கொடுத்த வாத்தியத்தைப் பேணுதல், சுருதி சேர்த்த பின்னரே வாசித்தல், தன் பகுதியை வீட்டில் பழகி வருதல், வரிசைத் தலைவரின் சொல் கேட்டல் என ஒரு தாளில் அடங்கிவிடும். அவை வெறும் ஒழுங்குக் கட்டளைகளாகவே வாசிக்கப்படுகின்றன. ஆனால் இவ்விதிகளுள் பலவற்றுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. யார் எந்த வாத்தியத்தைத் தொடலாம் என்ற கேள்விக்குப் பிறப்பே விடையளித்து வந்த நிலத்தில், பயிற்சியும் கால அட்டவணையும் விடையளிக்கத் தொடங்கிய இடங்களுள் பேண்டு வகுப்பும் ஒன்று. அம்மாற்றம் இன்னும் முழுமை பெறவில்லை. கோலார் தங்கவயலை மனத்தில் வைத்து இவ்வரலாற்றைப் படித்தால், எந்த விதியைக் காக்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவாகும்.

தொடக்கம் சென்னையில். 1789இல் எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர்களே அங்கு மிகுதி. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட பெல், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற மாணவன் கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழருக்கு இது புதியதன்று. இன்றைய பேண்டு வகுப்பில் கிளாரினெட் வரிசைக்கு ஒருவர், டிரம்பெட் வரிசைக்கு ஒருவர் எனத் தலைமை மாணவர் அமர்வதும் இதே கல்வித் தர்க்கத்தின்படிதான். ஓர் ஆசிரியரால் ஒரே நேரத்தில் நாற்பது பேரின் விரல்களைத் திருத்த இயலாது.

அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. தாய், தந்தை இருவழியிலும் ஐரோப்பியர் அல்லாதவர் தன் படையில் சேரக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் தடை விதித்தது. தடைக்கு விலக்கான பணிகள் சில: குழல் ஊதுவோர், மேளம் அடிப்போர், பேண்டு வாசிப்போர், குதிரைக்கு லாடம் அடிப்போர். பின்னாளில் ஆங்கிலோ இந்தியர் எனப்பட்ட சமூகத்திற்குப் பேண்டு இவ்வாறு பிறப்பால் ஒதுக்கப்பட்ட தொழிலாயிற்று. இந்தியச் சாதி முறைக்கு அந்நியமானது என நாம் கருதும் இராணுவ பேண்டு, தொடக்கத்திலேயே பிறப்பு பார்த்து ஆளெடுத்தது என்பதை மறத்தலாகாது.

பேண்டின் இசை தமிழகத்தில் வேறு வழிகளிலும் பரவியது. மணலியில் வாழ்ந்த காலத்தில் முத்துசாமி தீட்சிதர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்டு, ஏறத்தாழ நாற்பது மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவை ‘நோட்டுஸ்வரம்’ எனப்படுகின்றன. ஆங்கிலச் சொல்லும் வடசொல்லும் ஒட்டிய இக்கூட்டுச் சொல்லே அக்காலத்துக் கலப்பைக் காட்டும். பிரிட்டிஷ் நாட்டுப் பண்ணின் மெட்டில் அமைந்த ‘ஸந்ததம் பாஹிமாம்’ அவற்றுள் ஒன்று. சங்கராபரண ஸ்வரங்களில், கமகமின்றி, நேராக நடக்கும் இவற்றை இன்றும் வீணை, வயலின் பயிலும் குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் கற்பிக்கிறார்கள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனை மேனாட்டு பேண்டு ஒன்றைப் பேணியது. கோலார் தங்கவயல் அடங்கியிருந்த மைசூர் அரசிலும் அரண்மனை பேண்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று மேனாட்டு இசைக்கு, மற்றொன்று மேனாட்டு வாத்தியங்களில் கர்நாடக இசை வாசிப்பதற்கு. இன்றும் மைசூரு தசராவில் காவல்துறையின் ஆங்கில பேண்டும் கர்நாடக பேண்டும் அம்மரபைத் தொடர்கின்றன.

கேட்டுக் கற்பதும் எழுத்தைப் படித்துக் கற்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே இங்கு மாணவருக்கான பாடம். ஆனால் எழுத்தில் ஒரு பொறி உண்டு. பி-ஃபிளாட் கிளாரினெட், இ-ஃபிளாட் ஆல்ட்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல் மூன்றும் தாளில் ‘சி’ என்று எழுதிய ஸ்வரத்தையே வாசித்தாலும் ஒலிப்பது வெவ்வேறு ஸ்வரங்கள். நம் கணக்கில் சொன்னால் கிளாரினெட் ஆறரைக் கட்டையிலும், சாக்ஸபோன் இரண்டரைக் கட்டையிலும், புல்லாங்குழல் ஒரு கட்டையிலும் நிற்கும். எனவே பக்கத்து வரிசை மாணவரின் தாளைப் பார்த்து வாசித்தல் கூடாது என்ற விதிக்குக் காரணம் நேர்மை மட்டுமன்று, ஒலியியலும் ஆகும்.

சுருதி சேர்க்கும் விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1854இல் கிரிமியப் போரின்போது, துருக்கியின் ஸ்குட்டாரியில் அரசி விக்டோரியாவின் பிறந்தநாள் அணிவகுப்பில் பிரிட்டிஷ் படைகளின் பல பேண்டுகள் ஒன்றாக நாட்டுப் பண்ணை வாசித்தன. ஒவ்வொன்றும் தத்தம் சுருதியில், தத்தம் அமைப்பில் வாசித்ததால் விளைந்த குழப்பம் பிற நாட்டுத் தளபதிகளின் முன்னிலையில் பெருத்த அவமானமாயிற்று. அக்காலத்தில் பேண்டுகள் அதிகாரிகளின் சொந்தப் பணத்தில் நடந்தன. கூலிக்கு அமர்த்தப்பட்ட வெளிநாட்டு பேண்டு மாஸ்டர்களுள் பலர் போர் வந்ததும் விலகிச் சென்றனர். இவற்றின் விளைவாக 1857இல் இலண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் இராணுவ இசைப் பள்ளி தொடங்கியது. பயிற்சி, சுருதி, வாத்தியம் ஆகியவை தனியொருவரின் விருப்பத்தில் நிற்கலாகாது, நிறுவனத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற கொள்கை அதனால் வலுப்பெற்றது. ‘வாத்தியம் பள்ளிக்குச் சொந்தம், மாணவர் அதன் பொறுப்பாளர்’ என்னும் இன்றைய விதி அக்கொள்கையின் நீட்சியே.

கோலார் தங்கவயலுக்கு இவ்வரலாற்றின் இரு கிளைகளும் வந்து சேர்ந்தன. 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கங்களை நடத்தியது. அது அழைத்து வந்தவர்களுள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் முக்கியமானோர். கார்ன்வாலில் பித்தளை பேண்டு சுரங்க ஊர்களின் பொது உடைமை. கேம்போர்ன் நகர பேண்டு 1841இலேயே தொடங்கிவிட்டது. வால்வு பொருத்திய வாத்தியங்களின் வரவு இதற்குத் துணை நின்றது. மூன்றே வால்வுகளில் விரல் அமைப்பைக் கற்றால் பகல் முழுதும் பாறை உடைத்தவரும் மாலையில் கார்னெட் வாசிக்கலாம். அங்கே தொழிலாளியின் மகன் பேண்டில் சேர்வது ஊர்ப் பெருமை.

மற்றொரு கிளை வட ஆற்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தது. சுரங்கத்தின் அடியாழத்தில் உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஆதிதிராவிடர். அவர்களுள் பலரின் சொந்த ஊர்களில் இறப்புக்கும் திருவிழாவுக்கும் பறையடித்தல் பிறப்பால் சுமத்தப்பட்ட கடமை. தொல்காப்பியம் திணைதோறும் கருப்பொருளாக வைத்த பறை, ‘சொல்லுதல்’ என்னும் பொருளையும் உடைய பறை, இழிவின் அடையாளமாக்கப்பட்டிருந்தது. சுரங்கக் கூலி குறைவாயினும், ஊர்க் கட்டாயத்திலிருந்து விலகும் வழியை அது தந்தது. ‘பறையர்’ என்னும் பெயரே பிறரால் சுமத்தப்பட்டது என வாதிட்ட அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியதற்கும் இப்பின்னணி காரணம். அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது.

சுரங்கமும் படிநிலையற்றதன்று. மேலே ஐரோப்பியர், நடுவே ஆங்கிலோ இந்தியரும் இத்தாலியரும், கீழே தமிழ்த் தொழிலாளர் என்பதே அதன் அமைப்பு. பங்களாக்களும் கிளப்பும் ஒருபுறம், லைன் வீடுகள் மறுபுறம். இத்தகைய ஊரின் பள்ளியில் ஒரு சிறுவன் கையில் எந்த வாத்தியம் கொடுக்கப்படுகிறது என்பது சிறிய செய்தியாகாது. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் திருமண, இறுதி ஊர்வலங்களில் வாசிக்கும் ‘பேண்டு செட்’ கலைஞர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் மிகுதி. சீருடையும் டிரம்பெட்டும் வந்த பின்னரும், தெருவில் பழைய ஒதுக்கீடு புதிய வாத்தியத்தின் மேல் ஏறிக்கொண்டது. இவ்வொதுக்கீட்டை ஏற்காத ஓரிடமாகப் பள்ளி இருக்க முடியும். அதற்கு ஆசிரியரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. எழுதி வைத்த விதி வேண்டும்.

முதல் விதி வாத்தியத் தேர்வு பற்றியது. ‘உனக்கு டிரம் இயல்பாகவே வரும்’ என்று ஒரு பிள்ளையின் தெருவையோ குடும்பத்தையோ பார்த்துச் சொல்வது பாராட்டன்று, 1795 ஆணையின் தொடர்ச்சி. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரும் ஊதும் வாத்தியம், தோல் வாத்தியம் இரண்டையும் சில வாரங்கள் முயன்று பார்க்க வேண்டும். உதட்டமைப்பு, கை எட்டும் அளவு, விருப்பம் ஆகியவற்றைக் கொண்டே இடம் ஒதுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல், ஆண் பிள்ளைகளுக்கு பாஸ் டிரம் என்ற வழக்கத்திற்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, வாத்தியப் பொறுப்பு. வாத்தியம் பள்ளியின் சொத்தாக இருப்பதே வறிய மாணவருக்குக் கதவைத் திறக்கிறது. முன்பணம் கேட்டால் அக்கதவு மீண்டும் மூடும். பணத்திற்கு ஈடாகப் பராமரிப்பைக் கடமையாக்கலாம். வாசித்து முடித்ததும் கிளாரினெட்டின் உட்புறத்தைத் துணியால் துடைத்தல், ரீடைக் கழற்றி உலர வைத்தல், பித்தளை வாத்தியத்தில் தேங்கிய நீரை வெளியேற்றுதல், வால்வுக்கு எண்ணெய் இடுதல், மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரில் கழுவுதல் ஆகியவை நாள்தோறும் சில நிமிடங்களே எடுப்பன. ஒருவர் மவுத்பீஸை மற்றவர் கழுவாமல் பயன்படுத்தலாகாது. தூசியால் நுரையீரல் நோயுற்ற தலைமுறைகளைக் கண்ட சுரங்க ஊருக்கு மூச்சின் அருமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பயிற்சி நேரம். வீட்டில் அரைமணி பழகி வா என்பது எளிய அறிவுரை. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் டிரம்பெட் ஊத முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின், விடியற்காலை ரயிலில் பெங்களூரு சென்று இரவு திரும்பும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு வீட்டுப் பொறுப்புகளும் உண்டு. ஆகவே பள்ளி, வகுப்பு தொடங்குமுன் ஓர் அறையைத் திறந்து வைப்பதைத் தன் கடமையாகக் கொள்ள வேண்டும். மாணவர் வீட்டில் செய்யக்கூடியது வேறு. தாளத்தைத் தொடையில் தட்டி எண்ணுதல், ஸ்வரங்களை வாயால் பாடுதல், ஒலியின்றி விரல்களை மட்டும் நகர்த்திப் பழகுதல். கடினமான நான்கு ஸ்வரங்களை மெதுவாகப் பத்து முறை வாசிப்பது, முழுப் பாட்டையும் தவறுகளோடு இருமுறை வாசிப்பதைவிடப் பயனுடையது.

நான்காவது, வருகையும் செவியும். ஒருவர் வராவிட்டால் அவர் பகுதி மட்டும் விடுபடுவதில்லை. அதன்மேல் நிற்கும் மற்றப் பகுதிகளும் தடுமாறும். தன் ஒலியை மீறிப் பக்கத்தவரின் ஒலி கேட்கும் அளவுக்கே ஊத வேண்டும். வரிசைத் தலைமை ஆண்டுதோறும் மாற வேண்டும். சட்டாம்பிள்ளை முறையின் பயன் அதில் உண்டு, கொடுமை அதில் இல்லை.

இறுதியாக ஒரு திருத்தம். கடந்த சில பத்தாண்டுகளில் பறை விடுதலையின் குரலாக மீட்கப்பட்டுள்ளது. பள்ளி பேண்டில் சைடு டிரம்முக்கு இடம் உண்டென்றால் பறைக்கும் இடம் இருத்தல் நியாயம். ஆனால் அதையும் எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டும். ஒரு தெருப் பிள்ளைகளிடம் மட்டும் அதைக் கொடுத்தால் மீட்பு மீண்டும் ஒதுக்கீடாகும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1917இல் தொடங்கிய கிரைம்தார்ப் சுரங்க பேண்டு, 1993இல் அச்சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் இன்றுவரை வாசித்து வருகிறது. தனியொருவரை நம்பியிராமல், ஒருவர் எழுந்த இருக்கையில் மற்றொருவர் அமரும் ஒழுங்கு இல்லாமல் இது இயலாது. கோலார் தங்கவயலில் சயனைடு மண் மேடுகள் எஞ்சியுள்ளன, பள்ளிகளும் எஞ்சியுள்ளன. அப்பள்ளிகளின் பேண்டு விதிகளை எழுதுவோர், அவ்விதிகள் எந்தப் பிள்ளைக்கு இருக்கை தருகின்றன, எந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்துகின்றன என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.